குடிசை எரிந்தால்... சம்பாதித்தவர் இறந்தால்... தாலுகா ஆபீசில் கிடைக்கும் உதவி என்ன? முதல் 2 நாளில் செய்ய வேண்டியது என்ன?

விழுப்புரம்,

தீ விபத்தில் குடிசை எரிந்து போனாலும், மழை வெள்ளத்தில் சுவர் இடிந்து விழுந்தாலும், வீட்டில் சம்பாதித்துப் போட்டவர் திடீரென்று இறந்து போனாலும் ஏழை குடும்பங்களுக்கு அரசின் அவசர உதவி உண்டு. ஆனால் அதை யாரிடம் கேட்பது, எவ்வளவு கிடைக்கும், என்ன காகிதம் வேண்டும் என்று தெரியாமலேயே கிடைக்க வேண்டிய பணத்தை விட்டு விடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இந்த உதவி 2 வகை. ஒன்று, அதிகாரிகளே வீடு தேடி வந்து கொடுப்பது. இது அரிசி, வேட்டி-சேலை, சில ஆயிரம் ரூபாய். இன்னொன்று, மனு போட்டு கேட்டால் மட்டுமே கிடைப்பது. பெரிய தொகை பெரும்பாலும் இந்த 2-வது வகையில்தான் இருக்கிறது. கைவிட்டுப் போவதும் இதுதான்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

முதலில் யாரிடம் சொல்வது?

கிராமத்தில் எது நடந்தாலும் மக்கள் முதலில் ஓடுவது ஊராட்சி தலைவர் வீட்டுக்குத்தான். அவசரத்துக்கு பள்ளிக்கூடத்தை திறந்து விடுவது, சாப்பாடு போடுவது, தண்ணீர் லாரி அனுப்புவது எல்லாம் உள்ளாட்சி செய்யும் வேலை. ஆனால் நிவாரணப் பணத்துக்கு கையெழுத்து போடும் அதிகாரம் வருவாய்த்துறையிடம் இருக்கிறது.

கிராம நிர்வாக அதிகாரி (வி.ஏ.ஓ.) நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அது வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வழியாக தாசில்தாரிடம் போகும். உதவித்தொகை அங்கிருந்துதான் வரும்.

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சி தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சி தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந்தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவரே இல்லாத ஊரில், அவரை மட்டும் நம்பி இருந்தவர்கள் யாரிடம் சொல்வது என்று புரியாமல் நின்றார்கள். எனவே தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வி.ஏ.ஓ.வுக்கு தகவல் போய்ச்சேர வேண்டும். வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஒரு வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுதிக்கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வி.ஏ.ஓ. கிடைக்காவிட்டால் மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் போன் செய்து சொல்லலாம். மாநில கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.

குடிசையா? வீடா?

வி.ஏ.ஓ. எழுதும் முதல் அறிக்கையில் உள்ள ஒரே ஒரு வார்த்தை, கிடைக்கப்போகும் தொகையையே மாற்றி விடும்.

புயல், வெள்ளம், தீ விபத்து போன்றவற்றுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2022 அக்டோபரில் வெளியான அந்த பட்டியல் 2022-23 முதல் 2025-26 வரையிலான நிதி ஆண்டுகளுக்கானது. அதில் சொல்லப்பட்ட தொகைகள்:-

* குடிசை சேதம்- ரூ.8 ஆயிரம்.

* மண்சுவர் வீடு ஒரு பகுதி சேதம்- ரூ.4 ஆயிரம்.

* காரை வீடு ஒரு பகுதி சேதம்- ரூ.6 ஆயிரத்து 500.

* வீடு முழுவதும் சேதம் (சமவெளியில்)- ரூ.1 லட்சத்து 20 ஆயிரம்.

* மலைப்பகுதியில் வீடு முழுவதும் சேதம்- ரூ.1 லட்சத்து 30 ஆயிரம்.

இந்த பட்டியலை உற்றுப்பார்த்தால் விஷயம் புரியும். ஓலை, மண், பிளாஸ்டிக் தார்ப்பாய் போன்றவற்றால் தற்காலிகமாக போட்டிருப்பது 'குடிசை'. அதை விட கொஞ்சம் உறுதியாக, மண்சுவர் வைத்து கட்டியது 'வீடு' என்ற கணக்கில் வரும். முழுதும் இடிந்த மண்சுவர் வீட்டை அறிக்கையில் 'குடிசை' என்று எழுதி விட்டால், ரூ.1 லட்சத்து 20 ஆயிரம் போய் ரூ.8 ஆயிரத்தில் நின்று விடும். 'பகுதி சேதம்' என்று எழுதினால் ரூ.4 ஆயிரம்தான்.

பகுதி சேதம் என்றாலும் குறைந்தது 15 சதவீதம் சேதம் இருக்க வேண்டும் என்பது விதி. ஓட்டில் 4 ஓடு உடைந்ததற்கு பணம் கிடைக்காது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இடிந்த வீடு அனுமதி பெற்று கட்டிய வீடு என்று அதிகாரி சான்று தர வேண்டும் என்றும் அதே பட்டியல் சொல்கிறது. ஏரிக்கரை, வாய்க்கால் புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருப்பவர்களுக்கு இங்கேதான் அடி விழுகிறது. வெள்ளம் முதலில் புகுவதும் அவர்கள் வீட்டில்தான்.

எனவே சுவர் இடிந்த உடனேயே எல்லா பக்கமும் செல்போனில் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பதற்கு முன்பு மண்ணை வாரி சுத்தம் செய்து விடக்கூடாது. பார்க்க வந்தவரிடம் அறிக்கையில் என்ன வகை, எவ்வளவு சேதம் என்று எழுதுகிறார் என்பதை கேட்டு தெரிந்து கொள்ளலாம். கேட்பதில் தப்பு இல்லை.

துணிமணி, பாத்திரம், ஆடு-மாடு

வீடு முழுவதும் அழிந்தவர்களுக்கு துணிமணிக்கு ரூ.2 ஆயிரத்து 500, பாத்திரம், சாமான்களுக்கு ரூ.2 ஆயிரத்து 500 என்று அதே பட்டியலில் தனியாக உண்டு.

கறவை மாடு, எருமை இறந்தால் ரூ.37 ஆயிரத்து 500. உழவு மாட்டுக்கு ரூ.32 ஆயிரம். கன்றுக்குட்டிக்கு ரூ.20 ஆயிரம். ஆட்டுக்கு ரூ.4 ஆயிரம். கோழிக்கு ரூ.100.

குடிசையோடு கட்டிப்போட்டிருந்த ஆடும் சேர்ந்து எரிந்து விட்டால், நாற்றம் வருமே என்று உடனே குழி தோண்டி புதைத்து விடுகிறார்கள். கால்நடை டாக்டர் பார்த்து சான்று தராவிட்டால் அந்த பணம் வராது. புதைப்பதற்கு முன்பு கால்நடை ஆஸ்பத்திரிக்கு தகவல் சொல்ல வேண்டும்.

புயல் வந்தால் தொகை மாறும்

பெரிய புயல், வெள்ளம் வரும்போது மாநில அரசு தன் பங்குக்கு தொகையை உயர்த்தி அறிவிப்பது வழக்கம்.

2023 டிசம்பரில் சென்னையையும் சுற்றுப்பகுதிகளையும் மிச்சாங் புயல் புரட்டிப்போட்டபோது குடிசைக்கான நிவாரணம் ரூ.5 ஆயிரத்தில் இருந்து ரூ.8 ஆயிரமாகவும், உயிரிழப்புக்கு ரூ.4 லட்சத்தில் இருந்து ரூ.5 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. பாதித்த குடும்பங்களுக்கு ரேஷன் கடை மூலம் ரூ.6 ஆயிரம் ரொக்கம் கொடுத்தார்கள்.

2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டு தென்பெண்ணை ஆற்றில் வெள்ளம் புரண்டது. அப்போது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கு குடும்ப அட்டைக்கு ரூ.2 ஆயிரம் அறிவிக்கப்பட்டது. சேதமடைந்த குடிசைக்கு ரூ.10 ஆயிரம் என்று உயர்த்தினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, ரேஷன் கார்டு. ரொக்கம் கார்டுக்குத்தான். மகன் கல்யாணம் ஆகி தனிக்குடித்தனம் போய் 5 வருடம் ஆகியும் பெயர் அப்பா கார்டிலேயே இருந்தால், இடிந்தது 2 வீடு என்றாலும் ரொக்கம் ஒன்றுதான். வேலைக்காக வெளியூரில் இருந்து வந்து வாடகைக்கு இருப்பவரின் கார்டு சொந்த ஊர் முகவரியில் இருந்தாலும் இதே கதைதான். வெள்ளம் வந்த பிறகு கார்டு மாற்ற ஓடி பயன் இல்லை.

சம்பாதித்தவர் இறந்து விட்டால்...

வீடு எரிந்தால் ஊரே கூடும். அதிகாரிகள், கட்சிக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். ஆனால் ஒரு கூலித்தொழிலாளி நெஞ்சு வலியில் வீட்டிலேயே இறந்து போனால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அங்கேயும் அரசு உதவி இருக்கிறது.

மத்திய அரசின் தேசிய குடும்ப நல உதவித் திட்டம் 1995 ஆகஸ்டு 15-ந்தேதி தொடங்கியது. வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ள குடும்பத்தில் சம்பாதித்து வந்தவர் இறந்தால் ஒரே தவணையாக பணம் கொடுக்கும் திட்டம் இது. முதலில் இயற்கை சாவுக்கு ரூ.5 ஆயிரம், விபத்து சாவுக்கு ரூ.10 ஆயிரம் என்று இருந்தது. பிறகு இரண்டுக்கும் ரூ.10 ஆயிரம் ஆக்கினார்கள். 2012-ம் ஆண்டு ரூ.20 ஆயிரம் ஆனது.

இறந்தவரின் வயது 18-ல் இருந்து 59-க்குள் இருக்க வேண்டும். எப்படி இறந்தார் என்பது முக்கியம் இல்லை. நோயாக இருந்தாலும், விபத்தாக இருந்தாலும் தொகை ஒன்றுதான்.

பலருக்கு தெரியாத விஷயம் ஒன்று இதில் உண்டு. வீட்டு வேலை மட்டும் பார்த்து வந்த மனைவி இறந்தாலும் இந்த உதவிக்கு மனு போடலாம். இல்லத்தரசியையும் குடும்பத்தை காப்பாற்றியவராகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையிலேயே எழுதப்பட்டுள்ளது. 'உங்க சம்சாரம் வேலைக்கு போகலியே' என்று யாராவது திருப்பி அனுப்பினால், அதை எடுத்துச்சொல்லி கேட்கலாம். கல்யாணம் ஆகாத மகன் சம்பாதித்து வந்து இறந்தால் அவரை நம்பி இருந்த பெற்றோர், சிறு வயது தம்பி-தங்கைகள் கேட்கலாம்.

இதற்கான மனுவை தாலுகா ஆபீசில் உள்ள சமூக பாதுகாப்பு திட்ட தனி தாசில்தாரிடம் கொடுக்க வேண்டும். அதே தாலுகா ஆபீஸ் வளாகம்தான் என்றாலும் மேஜை வேறு. இந்த மேஜைக்கு அந்த மேஜை என்று அலைந்து வெறுத்துப்போய் வீட்டுக்கு திரும்பி விடக்கூடாது.

விவசாய கூலிகளுக்கு...

நிலம் இல்லாத விவசாய கூலிகளும், 2½ ஏக்கர் வரை நஞ்சை அல்லது 5 ஏக்கர் வரை புஞ்சை வைத்திருக்கும் சிறு விவசாயிகளும் உழவர் பாதுகாப்பு திட்டத்தில் உறுப்பினராக சேர்ந்திருந்தால் அதில் கேட்கலாம். இந்த திட்டம் 2011 செப்டம்பரில் கொண்டு வரப்பட்டது.

2025 மார்ச் மாதம் சட்டசபையில் தாக்கலான வேளாண் பட்ஜெட்டில் இதன் தொகைகளை உயர்த்தி அறிவித்தார்கள். விபத்து மரணத்துக்கு ரூ.1 லட்சம் என்று இருந்தது ரூ.2 லட்சம் ஆகவும், இயற்கை மரணத்துக்கு ரூ.20 ஆயிரம் என்று இருந்தது ரூ.30 ஆயிரம் ஆகவும், ஈமச்சடங்குக்கு ரூ.2 ஆயிரத்து 500 என்று இருந்தது ரூ.10 ஆயிரம் ஆகவும் உயர்த்தப்படும் என்று சொல்லப்பட்டது.

கொத்தனார், சித்தாள், பெயிண்டர் போன்றவர்களுக்கு தொழிலாளர் நல வாரியம் தனியாக இருக்கிறது. அங்கே பதிவை புதுப்பிக்காமல் விட்டிருந்தால் சிக்கல் வரும். எனவே இறந்தவரின் பெட்டியில் எந்த அட்டை இருக்கிறது என்று முதலில் தேடிப்பார்க்க வேண்டும். எதில் தொகை அதிகம் என்று கேட்டு அறிந்து மனு போட வேண்டும்.

அடையாளம் தெரியாத வாகனம் மோதினால்...

ரோட்டோரம் நடந்து போனவர் மீது 'அடையாளம் தெரியாத வாகனம் மோதி பலி' என்ற செய்தி அடிக்கடி வருகிறது. வண்டியும் தெரியாது, ஓட்டியவரும் தெரியாது, யாரிடம் நஷ்டஈடு கேட்பது என்று குடும்பத்தார் விட்டு விடுகிறார்கள். ஆனால் இதற்கென்றே மத்திய அரசின் திட்டம் உண்டு. 2022 ஏப்ரல் 1-ந்தேதி முதல் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம், படுகாயம் அடைந்தவருக்கு ரூ.50 ஆயிரம் என்று உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பு இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.25 ஆயிரம்தான். இந்த மனுவையும் விசாரிப்பது வருவாய் அதிகாரிதான். போலீஸ் நிலையத்தில் வழக்குப்பதிவு ஆகியிருக்க வேண்டும்.

பிரேத பரிசோதனை 'வேண்டாம்' என்றால்?

பனை மரத்தில் இருந்து தவறி விழுந்து, பாம்பு கடித்து, கிணற்றில் விழுந்து, மின்னல் தாக்கி இறப்பவர்களின் வீட்டில் முதலில் எழும் பேச்சு, 'உடம்பை அறுக்க வேண்டாம், அப்படியே எடுத்துடலாம்' என்பதுதான். துக்கத்தில் அப்படி தோன்றுவது இயற்கை.

ஆனால் போலீசுக்கு சொல்லாமல், பிரேத பரிசோதனை செய்யாமல் அடக்கம் செய்து விட்டால், பிறகு அது விபத்து சாவு என்று நிரூபிக்க வழி இல்லாமல் போய் விடும். ரூ.2 லட்சம் கிடைக்க வேண்டிய இடத்தில் ரூ.30 ஆயிரம்தான் கேட்க முடியும். பேரிடர் நிவாரணத்தில் மின்னல் சாவுக்கு ரூ.4 லட்சம் வரை உண்டு என்பதையும் நினைத்துப்பார்க்க வேண்டும்.

சந்தேக சாவு, விபத்து சாவுகளை போலீசார் முன்பு குற்றவியல் நடைமுறை சட்டம் 174-வது பிரிவில் பதிவு செய்தார்கள். 2024 ஜூலை 1-ந்தேதி முதல் புதிய சட்டத்தில் அது 194-வது பிரிவு. அந்த முதல் தகவல் அறிக்கை நகல், பிரேத பரிசோதனை அறிக்கை இரண்டையும் குடும்பத்தார் கேட்டு வாங்கி பத்திரமாக வைக்க வேண்டும்.

21 நாள் கணக்கு

எந்த உதவிக்கும் முதல் காகிதம் இறப்பு சான்றிதழ்தான். இறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. 30 நாள் தாண்டினால் மேல் அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட்டு அதிகாரம் உள்ள அதிகாரியின் உத்தரவு வரை போக வேண்டும். 16-ம் நாள் காரியம் முடிந்ததும் இந்த வேலையை முடித்து விடுவது நல்லது.

அடுத்தது வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து தாசில்தார் மூலம் வாங்க வேண்டும். பிறகு ரேஷன் கார்டு, ஆதார், வருமான சான்று, மனுதாரர் பெயரில் பேங்க் கணக்கு ஆகியவை வேண்டும். பணம் கணக்கில்தான் ஏறும். கணவர் பெயரில் மட்டும் கணக்கு இருந்த வீட்டில் மனைவி புது கணக்கு தொடங்க வேண்டியிருக்கும்.

தீயில் காகிதமே எரிந்து விட்டால்? ஆதார், ரேஷன் கார்டு எண் தெரிந்தால் இ-சேவை மையத்தில் நகல் எடுக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு பிறகு சான்றிதழ்களை பறிகொடுத்தவர்களுக்காக சென்னையில் சிறப்பு முகாம்கள் நடத்தினார்கள். அப்படி முகாம் நடக்காத போது, என்னென்ன எரிந்தது என்று வி.ஏ.ஓ. அறிக்கையிலேயே எழுதச்சொன்னால் பின்னால் உதவும்.

காகிதம் இல்லை என்பதற்காகவே உதவியை மறுக்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்ன சம்பவமும் உண்டு. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.50 ஆயிரம் கொடுக்க முடிவானபோது, இறப்பு சான்றிதழில் கொரோனா என்று எழுதாததை காரணம் காட்டி யாருக்கும் மறுக்கக்கூடாது என்று 2021 அக்டோபர் 4-ந்தேதி உத்தரவிட்டது. பரிசோதனை முடிவு போன்ற வேறு ஆதாரம் காட்டினால் போதும் என்று ஆனது.

மனு கொடுத்த பிறகு...

மனு கொடுத்து விட்டு சும்மா இருந்தால் காரியம் நடக்காது. 'நாளைக்கு வாங்க', 'மேடம் மீட்டிங் போயிருக்காங்க' என்று ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால்தான் பலர் 3 நடையோடு நிறுத்தி விடுகிறார்கள்.

மனு கொடுத்த ரசீது கண்டிப்பாக வாங்க வேண்டும். இழுத்தடித்தால் திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அந்த ரசீதை இணைத்து மனு கொடுக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். மனு என்ன ஆனது என்று ரூ.10 கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை சட்டப்படி எழுதிக்கேட்டால் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். கையில் எதுவுமே இல்லாத நிலையில் கலெக்டரின் விருப்புரிமை நிதியில் இருந்து சிறு உதவி கேட்கவும் வழி உண்டு.

நிவாரணத்துக்கு எந்த ஆபீசிலும் கட்டணம் கிடையாது. அறிக்கை எழுத, கையெழுத்து வாங்க என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க தேவை இல்லை.

பேசப்படும் சாவும், பேசப்படாத சாவும்

ஒரே இடத்தில் 5 பேர், 10 பேர் இறந்தால் அன்று மாலையே முதல்-அமைச்சர் பொது நிவாரண நிதியில் இருந்து லட்சக்கணக்கில் அறிவிப்பு வருகிறது. அமைச்சரே நேரில் வந்து செக் கொடுக்கிறார். ஆனால் தனியாக, சத்தமில்லாமல் இறந்த கூலித்தொழிலாளியின் மனைவிக்கு ரூ.20 ஆயிரம் வர மாதக்கணக்கில் ஆகிறது. அந்த ரூ.20 ஆயிரமும் 2012-ல் நிர்ணயித்தது. அன்றைக்கு இருந்த அரிசி விலையா இன்றைக்கு இருக்கிறது?

தொகையை உயர்த்த வேண்டியது அரசு. ஆனால் இருக்கிற தொகையாவது கைக்கு வர வேண்டும் என்றால், துக்க வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் முன்வந்து இந்த வேலையை பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அழுதுகொண்டிருக்கும் பெண்ணால் அந்த நேரத்தில் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு ஓட முடியாது.

மறக்காமல் செய்ய வேண்டியவை:-

* சம்பவம் நடந்த அன்றே வி.ஏ.ஓ.வுக்கு எழுத்து மூலம் தகவல்.

* சுத்தம் செய்வதற்கு முன்பு போட்டோ.

* விபத்து சாவு என்றால் போலீசில் புகார், பிரேத பரிசோதனை.

* ஆடு-மாடு இறந்தால் புதைக்கும் முன்பு கால்நடை டாக்டர் சான்று.

* 21 நாளுக்குள் இறப்பு பதிவு.

* கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது.

* ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, நல வாரிய அட்டை எல்லாவற்றையும் இன்றைக்கே செல்போனில் போட்டோ எடுத்து, உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைப்பது. குடிசை எரிந்தாலும் அது எரியாது.